பாலத்தடி நிழலில் இருந்த குழாய்

2008 ஐப்பசி, வெள்ளிக்கிழமை இரவு

தூக்கம் வரவில்லை. சந்தோஷத்தில்தான்.

சில மாதங்களுக்கு முன், எங்கள் கிணற்றுத் தண்ணீர் சிவந்துபோனதைப் பற்றிப் பக்கத்துச் சாயப்பட்டறை முதலாளியிடம் கேட்டேன். ஊரார் முன்னால், "நீயே சாயத்தக் கொட்டிப்போட்டு என்ற மேல பழி போடறயா கண்ணு?" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் கேமரா வாங்கினேன். விடியற்காலையில், பட்டறையை ஒட்டிய ஓடைப் பாலத்தை எடுத்துப் பழகினேன். வானம் சரியாக வந்தால் பாலத்தடி கறுத்துவிடும். பாலத்தடி தெரிந்தால் வானம் வெளுத்துவிடும். அதனால் ஸ்டாண்டை அசைக்காமல் இருட்டாக, நடுத்தரமாக, வெளிச்சமாக மூன்று படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒன்றாக்கினேன். முதலில், காற்றில் ஆடிய தென்னைமரங்கள் இரட்டை இரட்டையாக வந்தன. போன வாரம் சரியாக அமைந்தது. பாலத்தடி நிழலில், பட்டறைச் சுவரிலிருந்து இறங்கும் குழாயும் அதிலிருந்து கொட்டும் சிவப்புத் தண்ணீரும் தெளிவாகத் தெரிந்தன.

இன்று முதலாளியின் புது ஆபீஸ் திறப்பு விழா. படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் அடித்துப் பரிசாகக் கொடுத்தேன்.

"சீனரி அருமையா இருக்குது!" என்று அவரே தூக்கிக் காட்டினார்.

பக்கத்துத் தோட்டத்து ரங்கசாமி மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "ஏனுங்க, இந்தச் செவப்புத் தண்ணி உங்க குழாயில இருந்துங்களா வருது?"

யாரும் சிரிக்கவில்லை.

முதலாளி என்னிடம் மெதுவாக, "உள்ள வா கண்ணு, பேசிக்கலாம்" என்றார்.

"இங்கயே பேசுங்க" என்றேன்.

அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்று எழுதலாம். பொய். இன்னும் நான்கு பிரிண்ட் போடச் சொல்லியிருக்கிறேன்.