கால்மாட்டுப் பலகை

கூட்டாளி,

போன வாரம் என் தங்கச்சி பாக்கியம் அவள் வீட்டுக் கட்டிலை மாட்டுவண்டியில் ஏற்றி என் பட்டறைக்கு அனுப்பியிருந்தாள். கட்டில் காலில் கறையான் பிடித்துவிட்டதாம். கால்மாட்டுப் பலகையைத் திறந்தேன். அடைபட்ட வேர்வை வாசனை, ஜப்பான் சண்டை முடிந்து இத்தனை வருஷமாகியும் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்புறம்தான் காகிதம் எடுத்தேன். நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன் என்று உனக்குத் தெரியும். எழுத்து கோணலாக இருந்தால் கிராணிப் புத்தியோடு திருத்த வராதே.

நாம் ரப்பர் தோட்டத்தில், கூலிகளுக்குக் கட்டின ஒரே லயத்து வீடுகளில் வளர்ந்தோம். நான் உளி பிடித்து கோப்பெங் டவுனுக்குப் போனேன். நீ படித்து, தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி ஆனாய். ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடினான், பால்மரம் வெட்டுகிற வேலை நின்றது. உன்னை மட்டும் ஜப்பான்காரன் அதே நாற்காலியில் உட்கார வைத்தான். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், பெயர் எழுதிக் கொடு என்றான். எழுதினாய். வேறு என்ன செய்திருப்பாய் என்று இன்றைக்குக் கேட்கிறேன். அன்றைக்குக் கேட்கவில்லை. கேலிதான் செய்தேன். "வாங்க ஜப்பான் துரை, சாப்பிட்டாச்சா? இல்ல, அங்க சோத்துக்குப் பதிலா சலாம்தான் போடுறாங்களா?" என்பேன். நீ சைக்கிளை நிறுத்தாமலே, "சொல்லுலா சொல்லு. உன் வாய்க்கு ஒரு சயாம் பத்தாது" என்பாய்.

ஒரு நாள் மட்டும் சைக்கிளை நிறுத்தினாய். இந்த முறை பிள்ளைகுட்டிக்காரனையும் விடமாட்டான் போலிருக்கிறது என்று, என்னைப் பார்க்காமல் மரத்தூளைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாய். மிரட்டிவிட்டுப் போகிறான் பார் என்றுதான் நினைத்தேன். நினைத்தாலும் பயம் வந்தது. பாக்கியத்தின் புருஷன் அந்தத் தோட்டத்தில்தானே இருந்தான்.

அன்றைக்கே அவனை ஒளித்துவைக்க இந்தக் கட்டிலை யோசிக்க ஆரம்பித்தேன். லயத்து வீட்டில் பெரிய அலமாரி நின்றால் குருடனுக்கும் சந்தேகம் வரும். ஏழை வீட்டுக்கு ஏற்ற பலகைக் கட்டில்தான் சரி. முன்பக்கம் இரண்டு இழுப்பறை, இரண்டும் பாதி ஆழம். இழுத்தால் மரவள்ளிக்கிழங்கும் கந்தல் சாக்கும் தெரியும். முழுக்க வெளியே வராதபடி உள்ளே ஒரு தடுப்புக் கட்டை. அதற்குப் பின்னால், சுவரோரமாக, ஓர் ஆள் ஒருக்களித்துப் படுக்கிற இடம். மூச்சுக்குச் சுவர்ப் பக்கம் ஓட்டைகள். கால்மாட்டுப் பலகைதான் கதவு. இரும்பு கிடையாது, மர முளையில் சுற்றும். தாழ்ப்பாள் உள்ளே, மாப்பிள்ளையின் கைக்கு எட்டுகிற மாதிரி.

அளவெடுக்க மாப்பிள்ளையைத் தரையில் படுக்க வைத்தேன். "மூச்சைப் பிடிக்காதேலா, தொப்பையோட அளவு வேணும்" என்றேன். "கெழங்கு தின்னு எங்க தொப்பை மச்சான்?" என்றான். பாக்கியம் சிரிக்கவில்லை.

வேலை நன்றாகத்தான் வந்தது. பலகையின் இடுக்கில் நகம் நுழையாது. கெடுத்தது என் கை. கதவு செய்து முடித்தால் அதன் நெற்றியில் மஞ்சள் குழைத்து மூன்று பொட்டு, மேலே குங்குமம் வைத்துத்தான் வீட்டுக்காரரிடம் கொடுப்போம். இருபது வருஷப் பழக்கம். மனசு எங்கேயோ இருக்க, கை தன் பாட்டுக்குக் கால்மாட்டுப் பலகைக்கும் மூன்று பொட்டு வைத்துவிட்டது. சும்மா கிடக்கிற பலகைக்கு நிலைக்கதவு மாதிரி யார் பொட்டு வைப்பார்கள்? ஜப்பான்காரனுக்குப் புரியாது. தமிழன் ஒருவன் பார்த்தால் போதும்.

அழித்துவிடு என்று பாக்கியத்திடம் சொன்னேன். "அவரு உள்ள படுத்திருக்கறப்ப என்னைக் குங்குமத்த அழிக்கச் சொல்றியாண்ணே?" என்றாள். அதற்குப் பிறகு எனக்கும் கை வரவில்லை. அவளோ வெள்ளிக்கிழமை தவறாமல் புதுசாக வேறு வைத்தாள்.

நீங்கள் அவனைத் தேடி வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமைதான். இரண்டு சிப்பாய்கள், கூட நீ. நான் கிழங்கு கொண்டுவந்து கொடுக்க அங்கே போயிருந்தேன். புருஷன் பாகான் டத்தோவுக்கு ஓடிவிட்டான் என்றாள் பாக்கியம். ஒருத்தன் இழுப்பறையை இழுத்தான். கிழங்கு உருண்டது. நீ கால்மாட்டைப் பார்த்தாய். பார்த்ததை நான் பார்த்தேன்.

நீ வேர்வையைத் துடைத்துக்கொண்டு போய், கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாய். சிப்பாய் நிற்கும்போது நீ உட்காரலாமா? வந்து அறைந்தான். நீ எழுந்திருக்கவில்லை. காலைப் பலகையோடு ஒட்டித் தேய்த்தபடியே இருந்தாய். இரண்டாவது அறை. வாசலில் லயமே கூடி நின்றது. பயம் ஒரு பக்கம், பழக்கம் ஒரு பக்கம், என் வாய் சும்மா இருக்கவில்லை. "துரைக்குக் கட்டில் கேக்குது பாரு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் சத்தமாகச் சிரித்தேன்.

நீ எழுந்து என்னைத் தாண்டிப் போனாய். அப்போதுதான் உன் காக்கிக் கால்சட்டையின் பின்பக்கம், கெண்டைக்காலில், ஈரமாக மஞ்சளும் சிவப்பும் இழுவியிருந்ததைப் பார்த்தேன். கால்மாட்டில் பொட்டில்லாமல் வெறும் பலகை இருந்தது.

சாயங்காலம் சயாமுக்கு லாரி புறப்படும்போது ஓர் ஆள் குறைந்தது. குறைந்த இடத்தில் உன்னை ஏற்றினார்கள். வால் பிடித்தவனையே கொண்டுபோய்விட்டான் என்று லயத்தில் அதற்கும் சிரித்தார்கள். நான் வாய் திறந்தால் மாப்பிள்ளை மாட்டுவான். அதனால் பேசவில்லை. சண்டை முடிந்த பிறகு அந்தச் சாக்கும் இல்லை. சயாமிலிருந்து திரும்பியவன் ஒருவன், மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு நீ போய்விட்டாய் என்றான். அப்போதும் பேசவில்லை. இன்னமும் லயத்தில் உன் பெயரைச் சொன்னால் காறித் துப்புகிறவர்கள் இருக்கிறார்கள், கூட்டாளி.

நேற்று உன் சம்சாரத்தைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், நான் சிரித்ததையும். துணி மடித்துக்கொண்டே கேட்டது. கடைசித் துணியை மடித்து வைத்துவிட்டு, "ஒரு ஆள் கொறைஞ்சா யார ஏத்துவான்னு அவருக்குத் தெரியுமாண்ணே?" என்றது.

பெயர் எழுதினவன் நீ. உனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? "தெரியும்மா" என்றேன்.

அழும் என்று நினைத்தேன். அழவில்லை. "அன்னைக்கு லயத்துக்கே கேக்குற மாதிரி சிரிச்சீங்கல்ல, அதே சத்தத்துல இத அங்க போய்ச் சொல்லுங்கண்ணே" என்றது.

ஞாயிற்றுக்கிழமை போகிறேன். எல்லாரும் வீட்டில் இருப்பார்கள். எந்தக் கூட்டத்திலும் வாய்க்கு வந்ததைப் பேசிச் சிரிக்க வைத்தவன், காலையிலிருந்து பட்டறையில் தனியாக நின்று சொல்லிப் பார்க்கிறேன். உன் பெயர் வரைக்கும் வந்துவிடுகிறது. அதற்கு மேல் குரல் எழும்பவில்லை.