சந்தனம் பூசிய பெல்ட்

நியாலாஸ்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ராகினிக்கு,

சித்தப்பா தங்கையா எழுதுகிறேன். இங்கே நான், உன் சித்தி உஷாராணி, உன் அம்மா, பின்கொட்டகையில் குடியிருக்கும் இன்ஜின் ஆக நான்கு பேரும் மூச்சோடு இருக்கிறோம். டப்ளின் குளிரில் நீயும் காது மூக்கு உதிராமல் முழுதாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அம்மா எதிரே உட்கார்ந்து கண்ணாலேயே என் வாயைத் தைத்துவிடுவார், வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ பாதி படித்துவிட்டுக் கட்டைவிரலைக் காட்டுவாய். போன வாரம் அவர் உன்னிடம், கரண்டு கொஞ்ச நேரம் போச்சு, தம்பி இன்ஜின் போட்டாரு, வேற ஒண்ணுமில்லம்மா என்று சொன்னார் அல்லவா, அந்த ஒண்ணுமில்லைக்குள் என்ன இருந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உன் அப்பா போன பிறகு உன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவன் என்ற உரிமையில் கடைசியில் உன்னிடம் ஒன்று கேட்கவும் போகிறேன், அதனால் நடுவில் எழுந்து போகாமல் படி.

உன் அம்மாவின் நுரையீரல் நிலை உனக்குத் தெரியும். ஆக்சிஜன் மெஷினின் குழாய் மூக்கில் இருக்கும்வரை ராணி மாதிரி உட்கார்ந்து உன் சித்தியின் சமையலுக்குக் குறை சொல்வார், எடுத்தால் சமையலறைக்கு நடப்பதே மலை ஏறுவது மாதிரி. அந்த மெஷினுக்குக் கரண்டு வேண்டும். இங்கே மழைக்காலத்தில் ஒரு செம்பனை மட்டை கம்பியில் விழுந்தால் போதும், ஊரே இருட்டு. அதற்காகத்தான் உலகம் இதுவரை கண்டிராத என் மின்சார நிலையத்தைக் கட்டினேன். ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின், பழைய இரும்புக் கடையில் அநாதையாகக் கிடந்ததை நான் தத்தெடுத்தது, அது சுற்ற, ஒரு பெல்ட் வழியாக டைனமோ சுற்ற, வீட்டுக்குக் கரண்டு. டீசல் விலைக்கு யார் அழுவது, கிளேபாங்கில் காளிதாஸ் கடையில் கோழியும் பீசாங் கோரெங் வாழைப்பழமும் பொரித்து மிஞ்சும் எண்ணெயை டின் டின்னாகக் கொண்டுவந்து, சித்தியின் பழைய பருத்திச் சேலையில் வடிகட்டி ஊற்றுகிறேன். சித்திக்கு அந்தச் சேலை பழையது என்பதில் இன்னும் உடன்பாடு இல்லை. இன்ஜின் ஓடினால் ஜாசின் டவுன் வரைக்கும் பசியைக் கிளப்பும் வாசனை, பூனைகள் மாநாடு போட்டு வந்து உட்காரும். ஆனால் இந்த எண்ணெயிடம் ஒரு குணம் உண்டு. மழைக் குளிரில் நெய் மாதிரி உறைந்துவிடும். அதனால் டீசலில் கிளப்பி, சூடானதும் எண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்கு முன் மறுபடி டீசலுக்குத் திருப்பிக் குழாயைக் கழுவிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். கழுவாமல் நிறுத்தினால் உள்ளே கொழுப்பு கட்டிக்கொள்ளும், அப்புறம் அதைக் கழற்றிச் சுத்தம் செய்யாமல் இன்ஜின் கிளம்பாது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்.

ஆயுத பூஜை அன்று நான் எண்ணெய் எடுக்கக் கிளேபாங் போயிருந்தேன். வந்து பார்த்தால் இன்ஜினுக்கு மாலை, தலையில் குங்குமம், டைனமோவுக்கு விபூதிப் பட்டை. உன் அம்மா மூக்குக் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வந்து தன் கையாலேயே செய்திருக்கிறார். ஏன் அண்ணி இப்படி என்றால், எனக்கு மூச்சு குடுக்கிறவருக்கு ஒரு பொட்டு வைக்க வேணாமா தம்பி என்றார். மாலையைப் பார்த்துப் பூரித்து நின்ற நான் பெல்ட்டைப் பார்க்கவில்லை. புல்லிச் சக்கரத்தின் பள்ளத்தில் உட்காரும் உள்பக்கம் முழுக்கச் சந்தனத்தைக் குழைத்து மெழுகியிருந்தார். வெளிப்பக்கம் வைத்தால் சுற்றும்போது உதிர்ந்துவிடும், உள்ளே வைத்தால் நிற்கும் என்பது அவர் கணக்கு. அது நன்றாகவே நின்றது, காய்ந்து ஓடு மாதிரி ஒட்டிக்கொண்டது.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறோம், வானம் கிழிந்து கொட்டியது, கரண்டு போனது. நான் படைத்தளபதி மாதிரி எழுந்து போய் இன்ஜினைக் கிளப்பினேன். மெஷின் ஓடியது, சூடானதும் எண்ணெய்க்கு மாற்றினேன், திரும்பி வந்து மிச்சத் தேத்தண்ணியைக் குடித்தேன். காற்று திசை மாறிச் சாரல் கொட்டகைக்குள் அடித்தது. காய்ந்திருந்த சந்தனம் நனைந்து மறுபடி குழைந்தது, பெல்ட் வழுக்க ஆரம்பித்தது. ஆயிரம் பன்றிகளை ஒன்றாக வாலைப் பிடித்து இழுத்தால் வரும் சத்தம், விளக்கு மங்கியது, மெஷின் பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றது. சித்தி ஓடிப்போய் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்தாள். போன தடவை கரண்டு போனபோது பெரும்பகுதி செலவான சிலிண்டர் அது, மாற்று மறுநாள் வருவதாக இருந்தது, முள் சிவப்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஆம்புலன்சுக்குப் போன் செய்தோம். நியாலாஸ் வரும் சாலையில் மரம் விழுந்து கிடக்கிறது, அறுத்துத் தள்ளியதும் வருகிறோம் என்றார்கள். என் காரும் அந்த மரத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பெல்ட் தளர்ந்துவிட்டது என்று நினைத்துக் கடப்பாரையால் டைனமோவை நெம்பி இழுத்துக் கட்டினேன். இன்னும் மோசமாகக் கத்தியது. புகை வந்தது. அந்தப் புகை ரப்பர் வாசனை மட்டும் வீசவில்லை, கோயில் வாசனையும் வீசியது. உள்ளேயிருந்து சித்தி, ஏங்க, இந்த நேரத்துல சாம்பிராணி போடறீங்களா என்று கத்தினாள். அப்போதுதான் டார்ச் அடித்துப் பார்த்தேன், புல்லிப் பள்ளம் முழுக்க மஞ்சள் சேறு. இன்ஜினை நிறுத்திப் பெல்ட்டைக் கழற்றித் துடைத்தால்தான் வழி. நிறுத்துவதற்கு முன் டீசலை ஓடவிட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். வால்வைத் திருப்பிவிட்டு நின்றேன். என் வாழ்க்கையில் சும்மா நின்றதிலேயே அதுதான் கஷ்டமானது. சித்தி மழையில் ஓடிவந்து, சிலிண்டர் முடியப் போகுது லா, நிறுத்தித் தொலைங்க, இன்ஜின் பெருசா அக்கா பெருசா என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். இப்ப நிறுத்தினா மறுபடி கிளம்பாதுடி என்றேன். அவள் நம்பவில்லை. நானும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. புகைபோக்கியில் பொரித்த வாசனை போய் டீசல் வாசனை வந்ததும் நிறுத்தினேன். பெல்ட்டைக் கழற்றிச் சுடுதண்ணீரும் பாத்திர சோப்பும் போட்டுத் தேய்த்து, துணியால் ஈரம் எடுத்து, பளபளத்துப்போன இடங்களை உப்புத்தாளால் சுரண்டினேன். புல்லிப் பள்ளத்தைத் தோசைத் திருப்பியின் காம்பால் வழித்தேன், அதற்குச் சித்தியே ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தாள். மாட்டி, சாரலுக்குத் தார்ப்பாய் கட்டி, கைப்பிடியைச் சுற்றினேன். கை வழுக்கி முதல் தடவை கிளம்பவில்லை. இரண்டாவது தடவை கிளம்பியது. பெல்ட் பிடித்தது, விளக்கு ஏறியது.

உள்ளே போய்ப் பார்த்தேன். சிலிண்டர் முள் கீழே படுத்துவிட்டது. உன் அம்மா கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், தோள் இரண்டும் காதுவரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, உதடு நாவல் பழம் தின்ற மாதிரி நீலமாக இருந்தது. சித்தி மெஷின் குழாயை மாட்டினாள். உன் அம்மாவுக்குப் பேச வந்ததும் முதல் பேச்சு, ராகினிகிட்ட சொல்லாதீங்க தம்பி. மரத்தை அறுத்துவிட்டு ஆம்புலன்ஸ் வந்தபோது அவர்களிடமும் ஒண்ணுமில்லை என்றுதான் சொன்னார், அவர்கள் அதைக் கேட்காமல் ஒரு ராத்திரி வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். சந்தன விஷயத்தைச் சித்திதான் அவரிடம் சொன்னாள், நான் சொல்லியிருக்க மாட்டேன். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை அவருக்கு. நல்லதுன்னுதானே வெச்சேன் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு நான் செய்த திருப்பணியைக் கேள். ஒரு பெல்ட்டுக்குப் பதில் ஒரே அளவில் ஜோடியாக இரண்டு, பள்ளமும் இரண்டு. இரண்டில் ஒன்று தேய்ந்தாலும் இரண்டையுமே மாற்ற வேண்டும், பழையதும் புதியதும் சேர்ந்தால் சுமையெல்லாம் ஒன்றன் தலையில் விழும். இரண்டு புல்லியும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தேன், சுண்டுவிரல் அளவு கோணலாக இருந்தது, இத்தனை நாள் அந்தக் கோணல்தான் பெல்ட்டைத் தின்றிருக்கிறது. தளர்ந்து ஓடும் பக்கத்தில் ஸ்பிரிங் வைத்த ஒரு சின்ன உருளையை அழுத்திவிட்டேன், இனிக் கடப்பாரை வேண்டாம், தளர்ந்தால் அதுவே இறுக்கிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலே தகரக் கூண்டு, மழையும் உள்ளே போகாது, சந்தனமும் போகாது. இப்போது ஓடினால் விளக்கு கண் சிமிட்டுவதில்லை. காளிதாஸ் வந்து பார்த்துவிட்டு, அங்கிள், இதுக்கு ஒரு திறப்பு விழா வையுங்க, நான் ரிப்பன் வெட்டறேன் என்றான். மந்திரி கிடைக்காவிட்டால் உன்னைக் கூப்பிடுகிறேன் என்றேன்.

இவ்வளவு பெருமை அடித்துக்கொண்ட நானே இப்போது சொல்கிறேன், என் இன்ஜினை நம்பி உன் அம்மாவை இந்த மழைக்காலம் இங்கே வைத்திருக்க எனக்குத் தைரியம் இல்லை. பெல்ட் சரியானால் இன்னொன்று கெடும், அது எது என்று எனக்குத் தெரியாது. ஆயர் குரோவில் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு தரை வீடு வாடகைக்குப் பார்த்துவிட்டேன், படி ஏற வேண்டாம். நானும் சித்தியும் கூடவே போகிறோம், மழை ஓய்ந்ததும் திரும்பலாம். அவர் முடியாது என்கிறார். நாம் கிளம்பிட்டோம்னா நம்மால முடியலன்னு ராகினி நினைச்சுக்கும், வேலையை விட்டுட்டு ஓடிவந்துரும் என்கிறார். நான் சொல்லிப் பார்த்தேன், சித்தி அழுதும் பார்த்தாள், கேட்கவில்லை. நீ சொன்னால் கேட்பார். ஓடிவர வேண்டாம், வேலையை விட வேண்டாம், அந்த வீட்டுக்குப் போங்கம்மா என்று மட்டும் சொல். நான் எதையும் ஒன்றுக்குப் பத்தாகச் சொல்கிறவன் என்று உனக்குத் தெரியும், இந்தக் கடிதத்திலும் பன்றி ஆயிரம் இல்லை, ஒன்றுகூட இல்லை. ஆனால் அந்த உதட்டின் நிறத்தை நான் பார்த்தபடியேதான் எழுதியிருக்கிறேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், பனியில் பார்த்து நட, நேரத்துக்குச் சாப்பிடு. மாரியம்மன் உன் கூடவே இருப்பாள். கடிதம் கிடைத்த அன்றே அம்மாவுக்குப் போன் செய், நான் எழுதினேன் என்று மட்டும் வாயைத் திறந்துவிடாதே, நீயாகவே யோசித்த மாதிரி சொல். வீட்டுக்காரரிடம் சாவியை வாங்கி வைத்துவிட்டேன்.

உன் போனுக்குக் காத்திருக்கும்,
சித்தப்பா தங்கையா