காதைத் தொடாத கை

நேற்று உன் தம்பி கிள்ளானிலிருந்து ரயிலேறி, பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்றபோதே ஒட்டுப்பால் வாடை உள்ளே வந்துவிட்டது. எத்தனை முறை குளித்தாலும் தோட்டத்து ஆட்களை விடாத ரப்பர் நாற்றம் அது. நீதான் வந்துவிட்டாய் என்று எழுந்தேன். உன் கருமாதி முடிந்து ஒரு மாதம் ஆகிறது என்பது அப்புறந்தான் உறைத்தது.

காப்பியைக் குடித்துக்கொண்டே அவன் சொன்னான்: "எங்க அக்காவுக்கு அன்னிக்குக் கை எட்டுச்சாம்க்கா. நான் அழுவேன்னு எட்டாத மாதிரி காட்டிருச்சாம். காய்ச்சல்ல கெடந்தப்ப அதுவே சொல்லுச்சு."

அதிலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

நம் தோட்டத்து ஆயாக்கொட்டகையை நினைத்துப் பார்க்கிறேன். அம்மாமார் ரப்பர் மரத்தில் பால்வெட்டப் போகும்போது கைக்குழந்தை முதல் ஆறு வயசுப் பிள்ளை வரை எல்லாரையும் அங்கேதான் விடுவார்கள். ஆயா ஒருத்தி, பிள்ளைகளோ ஒரு பட்டாளம். அதனால் பெரியதுதான் சின்னதைப் பார்த்துக்கொள்ளும். கஞ்சியை ஊதிக் குடிக்க நீதான் எனக்குக் காட்டினாய். நம்மைப் பார்த்து உன் தம்பி வெறும் தட்டை ஊதுவான். ஏணைத் தொட்டிலை எப்படி ஆட்டவேண்டும் என்பதை அவனிடம்தான் நாம் படித்தோம். கொஞ்சம் வேகம் கூடினாலும் வீரிடுவான்.

பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருநாள் வந்து நம்மை வரிசையாக நிறுத்தினார். வலக்கை தலைக்கு மேலே போய் இடக்காதைத் தொட்டால் பள்ளிக்கூடம். என் கை தொட்டது. என்னைவிட உயரமான உனக்கு எட்டவில்லை. "இதுக்குக் கை கட்டை" என்று வாத்தியார் சிரித்தார். மறுவருஷம் உங்கள் வீட்டில் இன்னொரு குழந்தை. அதோடு உன் பள்ளிக்கூடப் பேச்சே போய்விட்டது.

சாயங்காலங்களில் மணலில் எழுதிக் காட்டுவேன். உன் பேரை எழுதும் வரை வந்தாய், அதோடு நிறுத்திவிட்டாய். "எனக்கு எதுக்குடி, நீ படிச்சாப் போதும்" என்பாய். சோம்பேறி என்று திட்டுவேன்.

காய்ச்சல் பேச்சை நம்புவதா? அந்த வயசில் ஒரு பிள்ளைக்கு அவ்வளவு தெரியுமா? தெரிந்தேதான் செய்தாய் என்றால் உன்மேல் கோபம் வருகிறது. கோபப்படத் தொடங்கினால் அழுகை வருகிறது. என்னிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, பாவி.

இன்று காலை மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனேன். இங்கேயும் அதே வழக்கந்தான். என் இடுப்பிலிருந்த சின்னவன் அவளிடம் தாவி அழுதான். அவள் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கையைத் தலைமேல் போட்டு, "எட்டலம்மா" என்றாள்.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா" என்றார் வாத்தியார்.

சின்னவனைத் தரையில் இறக்கிவிட்டு, அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். விரல் காதைத் தொட்டது. அவள் ஓவென்று அழுதாள். "பேர எழுதிக்குங்கய்யா" என்றேன்.

வீடு வரும்வரை சின்னவன் என் தோளில் ஏங்கி ஏங்கி அழுதான். இன்னும் அடங்கவில்லை. அவனைச் சுமந்துகொண்டு கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடக்கிறேன். நான் செய்தது சரிதானா என்று கேட்க எனக்கு உன்னைத் தவிர யாருமில்லை.