பரவாயில்லை

நிலவுச் சுரங்கம், மருத்துவக் கூடாரம். நாள் 12, காலை 8.10
வாராந்திர நுரையீரல் மறுபரிசோதனை முடிந்தது. நோயாளி ஒருவர்: கஸ்பார் அண்ணாச்சி. எட்டு கிலோமீட்டர் தள்ளி, வடக்குக் கூடாரத்தில் தனியாக ஆக்ஸிஜன் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறார். மற்ற தொழிலாளிகளைக் கப்பல் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. தூசி தின்ற அவர் நுரையீரல் பயணத்தைத் தாங்காது. அவருக்காக நர்ஸ் ஜெசிந்தா, அதாவது நான், தங்கிவிட்டேன். டாக்டரோடு அடுத்த கப்பல் வருவது நாள் 120-இல். மின்சாரம் மிச்சம் பிடிக்க, ரேடியோவில் மறுபரிசோதனை தவிர வேறு பேச்சு கிடையாது.

மென்பொருள்: "மூச்சு எப்படி இருக்கிறது?"
கஸ்பார்: "பரவாயில்ல தாயி."
முடிவு: பச்சை.

நாள் 13, காலை 9.00
கப்பல் போவதற்கு முந்தியவற்றையும் சேர்த்துத் தொடர்ந்து நாலு பச்சை. மென்பொருள் தானாகவே அடுத்த பரிசோதனையை ஒரு மாதம் தள்ளிவிட்டது. வாரத்துக்கு ஒரு குரல், அதுவும் போச்சு.

நாள் 43, காலை 8.15
கஸ்பார்: "பரவா... யில்ல... தாயி."
முடிவு: பச்சை.
இந்த மென்பொருள் கழுதைக்கு மூளை இருக்கிறது, காது இல்லை. அதன் சொற்பட்டியலைத் திறந்தேன். 'பரவாயில்லை: நலம்.' எழுதியவள் நான்தான். எங்கள் ஊரில் கால் ஒடிந்தவனும் பரவாயில்லை என்றுதான் சொல்வான். தெரிந்தே எழுதியிருக்கிறேன். வண்டியை எடுக்கிறேன்.

நாள் 43, காலை 10.40, வடக்குக் கூடாரம்
ஒரே மூச்சில் இருபது வரை எண்ணச் சொன்னேன். ஆறில் நின்றார். உதடு நீலம். அவர் கூடாரத்தில் அடித்த அவசர மணியை அவரே மூன்று முறை நிறுத்தியிருக்கிறார், எனக்குச் சிரமம் வேண்டாமாம்.

நாள் 46, காலை 6.20
அண்ணாச்சி போய்விட்டார். ஒரு மாதம் முந்தி வந்திருந்தால் பிழைத்திருப்பார். இந்த வரியை யார் அழித்தாலும் நான் மறுபடி எழுதுவேன்.

நாள் 47, காலை 11.00, மருத்துவக் கூடாரம்
திருத்தினேன். இனி 'பரவாயில்லை' என்றால் சிவப்பு. மணி அடிக்கும். நோயாளி அதை நிறுத்த முடியாது. இன்னொருவர் விரல் பட்டால்தான் நிற்கும். பார்க்க நோயாளி இல்லை. எனக்கும் இருமல் இருக்கிறது. என் பெயரைச் சேர்த்தேன். யாராவது கேட்கட்டுமே.

நாள் 104, காலை 8.10
மென்பொருள்: "மூச்சு எப்படி இருக்கிறது?"
யோசிக்கவில்லை. வாய்ப் பழக்கம். "பரவாயில்லை" என்றுவிட்டேன்.
முடிவு: சிவப்பு.
மென்பொருள்: "பணியில் உள்ள நர்ஸ் ஜெசிந்தா உடனே வரவும்."

நாள் 106
மணி நிற்கவில்லை. கப்பலுக்குப் பதினாலு நாள். ஒரே மூச்சில் எண்ணிப் பார்த்தேன். ஐந்து.

நாள் 109
நாலு. மணி.
மென்பொருள்: "நர்ஸ் ஜெசிந்தா உடனே வரவும்."
இங்கேதான் இருக்கிறேன் என்றால் கேட்க மாட்டேன் என்கிறது.

நாள்
படிக்கிறவரே, உள்ளே வந்ததும்... முதலில் உங்கள் விரலை... மணியில் வையுங்கள். பாவம், அது கூப்பிட்டுக்கொண்டே