கண்ணாடி மாற்ற வந்த படம்

வரிச்சிக்குடி,

இப்படிக் கூப்பிட்டால்தான் எனக்கு நீ. உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் என்னையே நான் கூப்பிட்டுக்கொள்வது போல இருக்கும்.

உன் படம் இன்று காலை கடைக்கு வந்தது. ஒட்டடை அடிக்கும்போது கம்பு பட்டு விழுந்துவிட்டதாம். கண்ணாடியில் மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரை விரிசல். உன் வீட்டுக்காரர் பழைய வேட்டியில் சுற்றி, வண்டியில் முன்பக்கம் நிறுத்தி வைத்துக் கொண்டுவந்தார். முடிச்சை அவிழ்த்ததும் காய்ந்த சந்தன வாசனை குப்பென்று வந்தது. லேமினேஷன் மெஷினின் சூட்டு நாற்றத்தையும் மீறிக்கொண்டு வந்தது. அவர் எதிரில் அழக் கூடாதென்று கத்தரிக்கோலைத் தேடுகிறவள் போல மேசைக்கு அடியில் குனிந்துகொண்டேன்.

"கண்ணாடி மட்டுந்தானே அண்ணே?" என்றேன், குனிந்தபடியே.

"கண்ணாடிதான் தங்கச்சி. அதோட..." என்று இழுத்தார். "ஞாயித்துக்கெழம பாப்பாவப் பொண்ணு பாக்க வர்றாங்க. எங்க அக்கா சொல்றாங்க, படத்துல பொட்டு கோணலா இருக்கு, வர்றவங்க கண்ணுல மொதல்ல அதுதான் படும்னு. அத நேராக்கிப் புதுசா ஒரு பிரிண்ட் போட்டுக் குடுத்துடுங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் என்னத்தச் சொல்றது? நல்ல காரியம் நடக்கணும்ல."

சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொட்டை நகர்த்துவது நமக்கு ஒரு வேலையா? மௌஸைப் பிடித்து ஓர் இழுப்பு, அவ்வளவுதான். ஆனால் அது உன் பொட்டு ஆயிற்றே.

நாம் முதன்முதலில் பார்த்த நாளும் அது கோணலாகத்தான் இருந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, போட்டோ எடிட்டிங் கற்றுக்கொள்ளப் போகிறோம் என்று கிளம்பிய இரண்டு பைத்தியங்கள் அந்த கம்ப்யூட்டர் சென்டரில் நாம் மட்டுந்தான். மற்றவர்களெல்லாம் காலேஜ் பிள்ளைகள். நீயும் நானும் ஒரே பெயர் என்று தெரிந்ததும் சொல்லிக்கொடுத்த சார் தலையைச் சொறிந்தார். "நீங்க வரிச்சிக்குடி அக்கா, நீங்க தலத்தெரு அக்கா" என்று ஊர்ப் பெயரை வைத்து அன்றைக்கே பிரித்துவிட்டார். அதிலிருந்து நீ என்னை 'ஏ தலத்தெரு' என்றுதான் கூப்பிட்டாய், ஏதோ தெருவையே அதட்டுகிறவள் போல.

"பொட்டு கோணலா இருக்குடி" என்று நான் சொன்னதற்கு நீ சிரித்தாய். "கண்ணாடி பாக்க எங்கடி நேரம்? அவருக்குச் சோத்த டப்பாவுல அடைச்சிட்டு, பஸ்ஸு ஹாரன் கேட்டதும் ஓடியாரேன். நெத்தியில இருக்கா இல்லையா, அதச் சொல்லு."

பயிற்சிக்கு ஒரு முகம் வேண்டும் என்றார் சார். உன்னைச் சுவரோரம் நிற்கவைத்து எடுத்தார். வியர்வை வழிய, முடி கலைந்து, எதற்கோ சிரித்துக்கொண்டிருக்கிறாய். அந்த ஒரு படத்தை வைத்துக்கொண்டு நாம் போட்ட ஆட்டம் இருக்கிறதே! உன்மேல் மழை பெய்ய வைத்தோம். தலைமுடியில் தீ பற்றவைத்தோம். பென்சிலில் வரைந்தது போல ஆக்கினோம். காரைக்கால்மேட்டில் படமெடுத்த கடலை உன் முகத்துக்குள் வைத்தபோது, ஒரு படகு சரியாக உன் மூக்குத்தி மேல் வந்து நின்றது. "என்னைய மீன்காரி ஆக்கிட்டியேடி" என்று கத்தினாய். சார் கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார்.

படம் முழுவதையும் கறுப்பு வெள்ளையாக்கி ஒரே ஓர் இடத்தில் மட்டும் நிறத்தை விட்டுவைக்கும் வித்தையை எனக்கு முன்னால் நீ பிடித்துவிட்டாய். எனக்கு வயிற்றெரிச்சல். எட்டிப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் உன் முகம், அதில் அந்தக் கோணல் பொட்டு மட்டும் செக்கச்செவேலென்று. நீ அதையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

அப்புறம் பஸ் ஸ்டாண்டு பக்கம் இந்தக் கடையை இரண்டு பேருமாகப் பிடித்தோம். வேலையில் நமக்குள் ஒத்துப்போனதே இல்லை. நான் மரு, தழும்பு, கண்ணுக்கடியில் கருப்பு எல்லாவற்றையும் துடைத்து எடுப்பேன். "மூஞ்சியா அது, வெள்ளையடிச்ச செவரா?" என்பாய். எனக்குச் சுருக்கென்று வரும். காசு கொடுப்பவர்கள் அழகாகத்தானே கேட்கிறார்கள், உனக்கென்ன வந்தது என்று நானும் விடமாட்டேன்.

பிரான்சில் இருக்கும் மகனைச் சேர்க்கச் சொல்லி ஓர் அம்மா வந்தார்களே, நினைவிருக்கிறதா? மகள் கல்யாணத்துக்கு அவனால் வர முடியவில்லை. குடும்பமாக நிற்கும் படத்தில் ஓரத்திலாவது அவன் இருக்க வேண்டும் என்றார்கள். கொடுத்த படத்தில் அவன் பனிக்குள் நின்றுகொண்டிருந்தான், கழுத்து மூடிய கோட்டோடு. சித்திரை வெயிலில் நடந்த கல்யாணத்தில் அந்தக் கோட்டோடு அவனை நிற்கவைக்க முடியுமா? அவனை வெட்டி எடுத்து, கோட்டுக்கு மேலேயே வேறொருவரின் பட்டு வேட்டியையும் சட்டையையும் போர்த்தினோம். நிழல் விழும் திசையைக்கூடப் பார்த்துப் பார்த்துச் சரி செய்தோம். பெருமையாகப் பிரிண்ட் போட்டுக் கையில் கொடுத்தோம்.

அந்த அம்மா படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தார்கள். "கால்ல என்னம்மா இது?"

வேட்டிக்குக் கீழே முழங்கால் உயரப் பனி பூட்ஸ். நாம் இரண்டு பேருமே அதைப் பார்க்கவில்லை! நீ முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாய். எனக்கு மானம் போயிற்று. "அஞ்சு நிமிஷம் இருங்கம்மா, செருப்பு மாட்டிக் குடுத்துடறேன்" என்றேன்.

அவர்கள் படத்தைத் தரவில்லை. நெஞ்சோடு வைத்துக்கொண்டார்கள். "வேணாம்மா. அங்க ரொம்பக் குளுருமாம். போட்டுக்கிட்டே இருக்கட்டும் புள்ள."

நீ சிரிப்பை நிறுத்திவிட்டு வெளியே வந்தாய். அவர்கள் போன பிறகு சொன்னாய்: "எல்லாத்தையும் அழிச்சிட்டா யாருன்னு எப்படிடி தெரியும்? ஒண்ணே ஒண்ண விட்டு வையி." அன்றிலிருந்து நீ செய்த எந்த முகத்திலும் ஒன்று மிச்சமிருக்கும். ஒரு தழும்போ, தூக்கலான ஒரு பல்லோ.

போன வருஷம் ஒரு நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட விடவில்லை, பாவி. படத்திறப்புக்குப் படம் தேடினால், ஊரில் உள்ளவர்களையெல்லாம் அழகாக்கியவளுக்கு ஒரு நல்ல படம் இல்லை. ஆதார் அட்டையில் ஒன்று, கல்யாணக் கூட்டங்களில் யார் தோளுக்கோ பின்னால் பாதி முகம். நமது பயிற்சிப் படந்தான் கைகொடுத்தது. பின்னால் இருந்த சுவரை எடுத்தேன், வியர்வையைத் துடைத்தேன், நீ ஆசைப்பட்ட மாம்பழ மஞ்சளில் பட்டுச்சேலை உடுத்தினேன். பொட்டை மட்டும் தொடவில்லை. அந்த ஒன்றைத்தான் இப்போது நேராக்கச் சொல்கிறார்கள்.

என்ன செய்ய, பெண்ணின் காரியம். மனசைக் கல்லாக்கிக்கொண்டு பொட்டை எடுத்து நடு நெற்றியில் வைத்தேன். இருந்த இடத்தைத் தோல் நிறத்தால் மூடினேன். நீ லட்சணமாக இருந்தாய். யாரோ போல இருந்தாய். பிரிண்ட் போட்டேன்.

அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, விரிசல் விட்ட கண்ணாடியைப் புதுப் படத்தின்மேல் வைத்தேன். நெற்றியில் இரண்டு பொட்டுகள் தெரிந்தன.

ஒன்று நான் நேராக்கியது. இன்னொன்று கண்ணாடியில் இருந்தது. வைத்துத் துடைத்து, வைத்துத் துடைத்து, சந்தனம் மஞ்சளாய்ப் படிந்துபோன கறை, அதன்மேல் குங்குமம். எல்லாரும் நெற்றிக்கு நடுவில்தானே வைப்பார்கள்? இது ஓரமாக, இடப்பக்கம் சரிந்து, உன் பழைய பொட்டு இருந்த அதே இடத்தில் இருந்தது. விரல் கொஞ்சங்கூடத் தவறவில்லை.

உன் வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். "அண்ணே, படத்துக்குத் தெனமும் யாரு பொட்டு வக்கிறது?"

"நான்தான். ஏன் தங்கச்சி?"

"கோணலா வச்சிருக்கீங்களே?"

"அவ பொட்டு மேலதானே வைக்கணும்" என்றார்.

"இப்ப நேராக்கிட்டேன் அண்ணே. நாளையிலேருந்து நடுவுல வைங்க."

அவருக்குப் பின்னால் டிராக்டர் போகிற சத்தம் கேட்டது. பிறகு, "வேணாம் தங்கச்சி. பழைய படத்தையே போட்டுடுங்க. அக்காக்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றார். குரல் உடைந்திருந்தது. "விரலு அங்கதான் போவும்."

போனை வைத்துவிட்டு வாய்விட்டு அழுதேன், வரிச்சிக்குடி. கடையில் ஆள் இருந்தது, இருக்கட்டும் என்று அழுதேன்.

இப்போதெல்லாம் ஆட்கள் போனிலேயே முகத்தை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். இருந்தாலும் பழைய படம் ஏதாவது என் கைக்கு வந்தால், எல்லாவற்றையும் துடைத்துவிட்டு ஒன்றை விட்டுவைக்கிறேன். கேட்டால் மெஷின் கோளாறு என்று சொல்லிவிடுகிறேன். நீ இருந்தபோது உன்னிடம் ஒப்புக்கொள்ளாததை இப்படித்தான் செய்துகொண்டிருக்கிறேன்.

புதுக் கண்ணாடி மாட்டியாயிற்று. பழைய படந்தான் உள்ளே இருக்கிறது. தூசியில்லாமல் துடைத்து, அதே வேட்டியில் சுற்றி வைத்திருக்கிறேன். சுற்றுவதற்கு முன்னால், வெறும் கண்ணாடியாக அனுப்ப மனசு வராமல் சந்தனம் குழைத்தேன். விரலில் எடுத்தும்விட்டேன். வைக்கவில்லை. அது அவர் வைக்க வேண்டியது.

உன்,
தலத்தெரு