தானிமோரிக்கு ஊதாமல் விட்ட பாட்டு

செப்டம்பர் 18, வியாழன் காலை

அன்பு மகள் நட்சுஹோவுக்கு அப்பா எழுதுவது.

நீ அங்கே நன்றாகச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் தொடங்குகிறேன். இங்கே அம்மாவுக்கும் எனக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை. அம்மாவின் முழங்கால் வலி கூட இந்த மாதம் அடங்கியிருக்கிறது, மாடிக்கு இரண்டு தடவை ஏறி இறங்குகிறாள். மனதைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. பத்து நாளாக எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சலூன் நாற்காலியைத் துடைக்கிறேன், துடைத்ததையே மறுபடி துடைக்கிறேன், வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வருகிறேன். இப்படி அலைவதற்கு எழுதித் தொலையுங்களேன் என்று அம்மாதான் காகிதத்தை எடுத்து வைத்தாள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் நீ போனில், மேலாளர் விசாரித்ததாகச் சொல்லி, ஸ்டேடியத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்த கூட்டத்தில் நீங்களும் இருந்தீர்களா என்று கேட்டாய். அன்று கடையில் நல்ல கூட்டம், நான் போகவே இல்லை என்று சொன்னேன். அது பொய். அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், போனை வைத்ததும் கையிலிருந்த ஈரத் துண்டால் என் தோளில் ஒரு போடு போட்டாள். நான் போனேன், நட்சுஹோ. பத்திரிகையில் வந்த படத்தில் மடியில் டிரம்பெட்டை வைத்துக்கொண்டு வாயை இறுக்கி உட்கார்ந்திருப்பது நான்தான். நீ ஹினோகுரா கம்பெனியில் வேலை பார்க்கிறாய், நம் கொக்குகள் பேஸ்பால் அணியை நடத்தும் அந்தக் கம்பெனிக்கு எதிராக அப்பா உட்கார்ந்தான் என்று தெரிந்தால் உனக்கு அங்கே சங்கடம் ஆகுமோ என்றுதான் மறைத்தேன். மறைத்தது பெரிய தப்பு. ஆனால் அதைவிடப் பெரிய தப்பு ஒன்று நடந்துவிட்டது, அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நம் கொக்குகள் ஆறு வருஷமாகக் கடைசி இடம் என்பது உனக்குத் தெரியும். தோற்பதற்காக யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, தோற்பதை நாம் சின்ன வயதிலிருந்தே பார்த்துப் பழகியவர்கள். நிர்வாகம் செய்வதுதான் பொறுக்கவில்லை. ஜூலையில் கம்பாராவைத் தோக்கியோ அணிக்குத் தூக்கிக் கொடுத்தார்கள், அவன் பந்து வீசும் நாள் என்று டிக்கெட் வாங்கி வைத்திருந்தவர்கள் அதைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். ஷிபுகாவா என்பவரை ஆறு வருஷமாக நிர்வாகத் தலைவராக வைத்திருக்கிறார்கள் அல்லவா, அவர் அதற்கு முன்னால் கம்பெனியில் தானியங்கிப் பானப் பெட்டிகளை எங்கெங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தவர். ஹோரிகோமே அக்கா ரசிகர் குழுவின் சார்பில் அவருக்கு எழுதிய கடிதங்களை மட்டும் அடுக்கினால் ஒரு மீன் பெட்டி நிறையும். ஒன்றுக்கும் பதில் இல்லை. கடைசியில் ஆகஸ்டில் அறிவித்தார்கள், அடுத்த வருஷம் முதல் டிரம்பெட்டும் மேளமும் வேண்டாமாம், பதிவு செய்த இசையை ஒலிபெருக்கியில் போடுவார்களாம். இருபத்து நாலு வருஷமாக ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு பாட்டு என்று நாங்கள் கட்டி ஊதியதெல்லாம் இனிமேல் ஒரு பெட்டிக்குள்ளிருந்து வரும்.

மீன் மார்க்கெட்டில் ஏலம் முடிந்ததும் கூடிப் பேசினோம். சிலர் பதாகை என்றார்கள், சிலர் கம்பெனி வாசலில் நிற்கலாம் என்றார்கள். ஹோரிகோமே அக்கா ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே, சத்தம் வேண்டாம் என்கிறார்கள் இல்லையா, சத்தமே இல்லாமல் ஓர் ஆட்டத்தைக் காட்டுவோம் என்றாள். சனிக்கிழமை பகல் ஆட்டம், தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒருவரும் ஊதக் கூடாது, கொட்டக் கூடாது, கத்தக் கூடாது. நான் முதல் ஆளாகக் கையைத் தூக்கினேன். இதையும் ஒரு கடிதமாக எழுதி நிர்வாக அலுவலகத்தில் முன்கூட்டியே கொடுத்தாள் அக்கா, திருட்டுத்தனமாகச் செய்ததாக இருக்க வேண்டாம் என்று.

அந்தப் பகலை எப்படிச் சொல்வது. மூவாயிரம் பேர் வலப்பக்க ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறோம், உணவு விற்கும் பெண்களின் குரல் மட்டும் கேட்கிறது. பந்து கையுறையில் விழும் சத்தம் அவ்வளவு தூரத்துக்கு வரும் என்று எனக்கு அன்றுதான் தெரியும். நம் ஆட்டக்காரர்கள் அடிக்க வரும்போதெல்லாம் தலையைத் திருப்பித் திருப்பி எங்களைப் பார்த்தார்கள். எனக்கு முதலில் ஒரு வீறாப்பு இருந்தது, பொய் சொல்ல மாட்டேன், இப்போது தெரியட்டும் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். ஐந்து ரன் பின்தங்கி எட்டாவது சுற்றுக்கு வந்துவிட்டோம். அப்போது மாற்று ஆட்டக்காரர் தானிமோரி என்று அறிவித்தார்கள்.

தானிமோரியை மே மாதமே இரண்டாம் அணிக்கு இறக்கிவிட்டிருந்தார்கள். பதினாறு வருஷம் நம் அணிக்கு அடிப்பவனின் பின்னால் பந்து பிடிக்கக் குந்திக் குந்தி முழங்காலைத் தேய்த்த மனிதர். அவருடைய பாட்டை நான் நம் கடையில், வாடிக்கையாளர் யாரும் இல்லாத ஒரு மழை நாளில் கட்டினேன், நீ அப்போது பள்ளிக்கூடச் சீருடையோடு உட்கார்ந்து, அப்பா அந்த இடத்தில் இன்னும் ஒரு தடவை மேலே போங்கள் என்று சொன்னாயே, அதுதான். அவர் நடந்து வந்து நின்றார். மட்டையைத் தரையில் இரண்டு தடவை தட்டினார். எங்கள் பக்கம் பார்த்தார். என் விரல்கள் தானாகவே பித்தான்கள் மேல் போய்விட்டன. நான் ஹோரிகோமே அக்காவைப் பார்த்தேன், அவள் தலையை ஆட்டவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டாள். நான் ஊதினால் மூவாயிரம் பேரின் வாக்கை உடைத்தவன் ஆவேன். ஊதவில்லை. அவர் நாலு பந்தைத் தொடாமலே விட்டார். ஐந்தாவதை அடித்தார், அது சும்மா மேலே போய் யாரோ ஒருவன் கையில் விழுந்தது. ஓடிப் பாதியிலேயே திரும்பித் தலைக் கவசத்தைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனார். பின்னால் உட்கார்ந்திருந்த நகாசாதோ ஐயா, பாவம் கண்ணு போச்சு என்று முணுமுணுத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

திங்கட்கிழமை செய்தி வந்தது, தானிமோரி ஓய்வு பெற்றார் என்று இரண்டே வரி. விழா இல்லை, பூங்கொத்து இல்லை. கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் கொதித்தார்கள். பதினாறு வருஷம் உழைத்த மனிதனைப் பழைய செருப்பைப் போலக் கழற்றி வீசிவிட்டார்கள் என்று நானும் சேர்ந்து கத்தினேன்.

புதன்கிழமை காலையில் தொப்பி போட்ட ஒருவர் வந்து, முடி வெட்டி முகச்சவரமும் செய்ய வேண்டும் என்றார். அதிகம் பேசவில்லை. முடியை வெட்டிவிட்டு நாற்காலியைச் சாய்த்துச் சூடான துண்டை முகத்தில் போட்டேன். அந்த நேரம் நகாசாதோ ஐயா உள்ளே வந்து விளையாட்டுப் பத்திரிகையை விரித்தார். அவரைத்தான் உனக்குத் தெரியுமே, இழுவைப் படகு ஓட்டிய காலத்துத் தொண்டை இன்னும் அப்படியே இருக்கிறது. கடை அதிரத் தொடங்கினார், “அந்த ஷிபுகாவா இருக்கானே, பந்து உருண்டையா சதுரமான்னு கேட்டா, ஆபீஸ்ல விசாரிச்சுச் சொல்றேம்பான்.” நான் சிரித்துக்கொண்டே துண்டை எடுத்தேன். ஒரு பக்கம் சோப்பு நுரையைத் தடவிக் கத்தியை விரிக்கும்போதுதான் எங்கோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று தோன்றியது. அவர் கண்ணைத் திறக்காமலே, “உருண்டைன்னு தெரியும் ஐயா. மிச்சந்தான் தெரியல” என்றார்.

நகாசாதோ ஐயா பத்திரிகைக்குள் முகத்தைப் புதைத்தவர்தான், அப்புறம் அவர் மூச்சு விட்ட சத்தம் கூட எனக்குக் கேட்கவில்லை. என் கையில் விரித்த கத்தி. அதை மடித்துக் கீழே வைத்தேன். ஷிபுகாவா எழுந்து உட்கார்ந்தார். பத்திரிகைப் படத்தைப் பார்த்துக் கடையை விசாரித்துக்கொண்டு வந்ததாகச் சொன்னார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். இல்லை. ஆட்டத்துக்கு முந்தைய திங்கட்கிழமை தானிமோரி அவரிடம் போய், முழங்கால் முடிந்துவிட்டது, நான் நிறுத்திக்கொள்கிறேன், நம் ஊர் மைதானத்தில் ஒரே ஒரு தடவை அடிக்க விடுங்கள் என்று கேட்டாராம். அறிவிப்பு வேண்டாம், மாலை வேண்டாம், என்றைக்கும் போல நடந்து போய் என் பாட்டைக் கேட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்றாராம். அதற்காகத்தான் சனிக்கிழமை அவரைக் களத்தில் இறக்கினார்களாம்.

“நீங்க எல்லாரும் வாய மூடிக்கிட்டு இருக்கப் போறீங்கன்னு எனக்கு யாரும் சொல்லல” என்றார்.

“அது அவருக்குக் கடைசி ஆட்டம்னு எங்களுக்கும் யாரும் சொல்லல” என்றேன்.

ஹோரிகோமே அக்கா முன்கூட்டியே கடிதம் கொடுத்தாளே என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைதான் பிரித்தேன், எல்லாக் கடிதத்தையும் அன்றுதான் பிரித்தேன் என்றார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஆறு வருஷம் பிரிக்காமல் வைத்திருந்த மனிதர் இப்போது பாதி நுரையோடு என் நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிகிறார். கத்தவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. இதை என்னிடம் தனியாகச் சொல்வதில் பிரயோசனம் இல்லை, எல்லார் முன்னாலும் வந்து சொல்லுங்கள் என்றேன். வருகிறேன் என்றார். சவரத்தை முடித்து அனுப்பினேன், பாதியில் அனுப்புவது தொழிலுக்கு அழகில்லை.

அன்று மத்தியானமே கடையைச் சாத்திவிட்டுத் தானிமோரி வீட்டுக்குப் போனேன். பயிற்சி மைதானத்துக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடி. கோச்சி மாகாணத்தில் மாமனார் இஞ்சி பயிரிடுகிறாராம், அங்கே போவதற்காகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவி பெட்டிகளுக்கு நடுவே இடம் பண்ணி பார்லித் தேநீர் கொடுத்தார். நான் தரையில் கை ஊன்றி மன்னிப்புக் கேட்டேன். டிரம்பெட்டைக் கூடவே கொண்டு போயிருந்தேன், இப்போதாவது ஊதட்டுமா என்று கேட்டேன், நட்சுஹோ, எவ்வளவு பெரிய முட்டாள் உன் அப்பா. அவர் கோபப்படவில்லை. வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தார். பெட்டி மேல் ஒட்டிய டேப்பைத் தடவிக்கொண்டே சொன்னார், “நீங்க ஊதாததுல எனக்கு வருத்தமில்ல அண்ணே. உங்க சண்டை நியாயமான சண்டை. ஆனா நீங்க ஊத மாட்டீங்கன்னு ரெண்டாவது பந்துலயே எனக்குப் புரிஞ்சுபோச்சு. புரிஞ்ச பிறகும் இன்னும் ரெண்டு பந்து காத்துக்கிட்டு நின்னேன் பாருங்க, அதை நெனச்சாத்தான் வெக்கமா இருக்கு.”

டிரம்பெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவர் வாசல் வரை வந்து வழியனுப்பினார். ஒரு கால் சரியாக மடங்கவில்லை, பக்கவாட்டில் வைத்துப் படி இறங்கினார்.

ஹோரிகோமே அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மீன் வெட்டுவதை நிறுத்தவில்லை, ஆனால் ஒரே மீனை ரொம்ப நேரம் வெட்டினாள். பிறகு, அடுத்த வாரம் வியாழன் மாலை, அதாவது இன்றைக்கு, மார்க்கெட் கூடத்தில் ஷிபுகாவா வந்து நிற்கப் போகிறார், ஆறு வருஷத்தில் முதல் தடவை, அங்கே இதைச் சொல்லக் கூடாது என்றாள். “இப்ப இதச் சொன்னா நிர்வாகத்துக்காரனுங்க அழுதுட்டுத் தப்பிச்சுடுவானுங்க தம்பி. ஜனங்களுக்கும் தெம்பு போயிடும்.” அவள் சொல்வதிலும் தப்பில்லை. நிர்வாகம் கடிதங்களைப் பிரித்திருந்தால் இது நடந்திருக்காது, டிரம்பெட்டைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் நாம் ஏன் தலை குனிய வேண்டும் என்றுதான் அவள் கேட்கிறாள். ஆனால் கடைக்கு வருகிற ஒவ்வொருவரும் தானிமோரிக்காகக் கொதிக்கும்போது நான் தலையாட்டிக்கொண்டு கத்தரி பிடிக்க வேண்டியிருக்கிறதே, அது முடியவில்லை. ஒரு வாரம் முயன்று பார்த்தேன். நேற்று ஒருவருக்குக் காதோரத்தில் கீறிவிட்டேன், முப்பத்தைந்து வருஷத்தில் நடக்காதது.

அதனால் இன்றைக்கு எழுந்து நின்று இரண்டையும் சொல்லப் போகிறேன். எங்கள் கடிதங்களைப் பிரிக்காமல் வைத்திருந்த நீங்கள் இந்தப் பதவியிலிருந்து போக வேண்டும் என்று ஷிபுகாவாவிடம் சொல்வேன். தானிமோரி தன் பாட்டுக்காகத்தான் வந்தார், அதை ஊதாமல் விட்டவன் நான் என்று நம் ஆட்களிடம் சொல்வேன். அதற்குப் பிறகு இரண்டு பக்கத்திலும் எனக்கு ஆள் இருக்குமா என்று தெரியாது. பேச்சைக் காகிதத்தில் எழுதினேன், மூன்று தடவை கிழித்துவிட்டேன்.

உன் மேலாளர் மறுபடி கேட்டால், படத்தில் இருப்பது என் அப்பாதான் என்று சொல்லிவிடு. என்னால் உனக்கு ஏதாவது கஷ்டம் வந்தால் மறைக்காமல் எழுது, நான் மறைத்த மாதிரி நீயும் செய்யாதே. அங்கே குளிர் தொடங்கிவிடும், போன வருஷம் போல மெல்லிய மேலங்கியோடு ரயிலுக்கு நிற்காதே, அம்மா கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் பேசு, அவளாகக் கேட்க மாட்டாள், ஆனால் போன் பக்கத்திலேயே காய் நறுக்க உட்காருவாள். நீ எங்கே இருந்தாலும் தலை நிமிர்ந்து, மனசு சுத்தமாக, உடம்பு நோகாமல் இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

முடிக்கப் போகும்போது அம்மா வெளியே போகிற சட்டையோடு வந்து நிற்கிறாள், காலையிலேயே தயாராகிவிட்டாள். கூட்டத்துக்கு அவளும் வருகிறாளாம். இத்தனை வருஷத்தில் பேஸ்பால் பக்கம் எட்டிப் பார்க்காதவள், நீ எதற்கு என்று கேட்டேன். “நீங்க பேசி முடிச்சதும் ஒருத்தராவது கைதட்டணும்ல” என்கிறாள்.

உன் நலமே நினைக்கும்,
அப்பா
மிசுகோஷி தெத்சுஜி