உப்புத் தோல்

கார்த்திகை 9, செவ்வாய், இரவு

செவலை ஆடு போட்ட குட்டி காலையில் செத்துவிட்டது. கொட்டகையில் இன்னொரு குட்டி தாயில்லாமல் கத்திக்கொண்டிருந்தது. அதன் தாய் முந்தாநாள் கழிச்சலில் போனது. குட்டி புட்டிப் பாலை வாயில் வாங்கவில்லை. செத்த குட்டியின் தோலை அதன்மேல் போர்த்தினால், வாசம் பார்த்துச் செவலை பால் கொடுக்கும். அதற்காகத்தான் என் வீட்டுக்காரர் தோலை உரித்தார். உரித்த கையோடு உப்பையும் தடவிவிட்டார். ஆம்பூர் தோல் ஷெட்டில் இருபது வருஷம், தோல் கெடாமலிருக்க உப்புத் தடவிய கை.

"இன்னாங்க பண்ணிட்டீங்க? வாசமே போய்டுமே!" என்று கத்திவிட்டேன். கத்தியிருக்க வேண்டாம். அவர் தோலை அலசிக்கொண்டு வந்து குட்டிமேல் கட்டினார்.

செவலை மோந்து பார்த்தது. பிறகு நக்க ஆரம்பித்தது.

"பாத்தியா, ஏத்துக்கிச்சு!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். குட்டி வாலை ஆட்டியபடி மடியைத் தேடியது. எனக்கும் கண் கலங்கிவிட்டது.

உப்பு தீர்ந்ததும் செவலை குட்டியை முட்டித் தள்ளியது.

அவர் இன்னும் சாப்பிட வரவில்லை. கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறார். செவலை அவர் கையை நக்கிக்கொண்டு நிற்கிறது. அவரும் கையை எடுக்கவில்லை. குட்டியின் சத்தம் நின்று ரொம்ப நேரமாகிறது.